தலைப்புக்கு ஒரு முகவரி

நீண்ட இணையப் பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு பகுதியை நேராகத் திறக்க, அந்தப் பகுதியின் தலைப்புக்குத் தனி அடையாளம் வேண்டும். பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் இதன் பெயர் 'ஐடி'. பக்க முகவரியின் கடைசியில் # குறியிட்டு ஐடியைச் சேர்த்தால், உலாவி அந்தத் தலைப்பில் போய் நிற்கும். # குறிக்குப் பின் வருவது சர்வருக்குப் போவதே இல்லை. தேடல் முழுவதும் வாசகரின் கருவியிலேயே நடக்கிறது.

மார்க்டவுன் என்ற எளிய வடிவ உரையிலிருந்து பக்கங்களை உருவாக்கும் மென்பொருள்கள் தலைப்புச் சொற்களிலிருந்தே ஐடியைத் தயாரித்துவிடும். நிறுத்தக்குறிகள் நீங்கும், இடைவெளி சிறுகோடாகும். ஆங்கிலத்துக்கு இது போதும், தமிழுக்குப் போதாது.

காஞ்சிபுரம் பட்டு பற்றிய ஒரு பக்கத்தில் கோர்வை, ஜரிகை, முந்தானை என்று மூன்று தலைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். கிராம்டவுன் என்ற மென்பொருள் தன் இயல்பு அமைப்பில் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டுமே ஐடியில் விட்டுவைக்கும். தமிழ்த் தலைப்பில் எதுவும் மிஞ்சாததால், 'செக்‌ஷன்', 'செக்‌ஷன்-1', 'செக்‌ஷன்-2' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிடும். பின்னொரு நாள் 'சாயம்' என்ற பகுதியை முதலில் சேர்த்தால், கோர்வைக்குக் கொடுத்த பழைய இணைப்பு சாயத்தில் போய் நிற்கும்.

யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் கருவிகளிலும் பழுது உண்டு. பைத்தான் நிரல்மொழியின் தேடல் விதிகளில் கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகள் சொல்லின் எழுத்துகளாகக் கணக்கில் வருவதில்லை. அதை நம்பும் ஜாங்கோ என்ற இணையக் கட்டமைப்பின் ஐடி ஆக்கியில் 'காஞ்சிபுரம்' போனால் 'கஞசபரம' வெளிவரும். பட்டு, பாட்டு, பாட்டி மூன்றுக்கும் 'படட' தான்!

எச்டிஎம்எல் 4 விதிப்படி ஐடி ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. 2014-இல் இறுதியான எச்டிஎம்எல் 5, இடைவெளி கூடாது, ஒரே பக்கத்தில் இரண்டு முறை வரக்கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் 2017 வரை ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக மாற்றி எழுதியது; 'காஞ்சிபுரம்' 99 குறிகளாக நீண்டது. இப்போது தமிழ் அப்படியே நிற்கிறது. ஆனாலும் உலாவியிலிருந்து நகலெடுத்து வாட்சப்பில் ஒட்டும்போது அதுபோன்ற நீண்ட குறிவரிசை பெரும்பாலும் திரும்பி முளைத்துவிடும்.

ஒரே தலைப்பு திரும்ப வருவது இன்னொரு சிக்கல். காஞ்சிக் கோயில்களைப் பற்றிய பக்கத்தில் ஏகாம்பரநாதருக்கும் வரதராஜருக்கும் கைலாசநாதருக்கும் 'தல வரலாறு' என்ற துணைத்தலைப்பு இருக்கலாம். மீடியாவிக்கி இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 3 என்று வால் சேர்க்கும்; கோயில்களின் வரிசை மாறினால் எண்ணும் மாறும். தலைப்பில் 'காஞ்சீபுரம்' என்பதைக் 'காஞ்சிபுரம்' என்று திருத்தினாலே போதும், பழைய இணைப்பு செத்துவிடும். உலாவி பிழை எதுவும் காட்டாது. பக்கத்தின் தலையில் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

ஆகவே, தலைப்பிலிருந்து பிறக்கும் ஐடியை முதல் வரைவுக்கு மேல் நம்பக்கூடாது. கிராம்டவுனிலும் அதைப் போன்ற பாண்டாக், ஹியூகோ மென்பொருள்களிலும் தலைப்பு வரியின் இறுதியில் நெளி அடைப்புக்குள் # குறியோடு ஒரு சிறு பெயர் கொடுத்தால், தலைப்பு எப்படி மாறினாலும் ஐடி மாறாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தளத்தின் மேற்பட்டை திரையில் ஒட்டியே நிற்குமானால், தாவி வந்த தலைப்பு அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். பட்டையின் உயரத்துக்குத் தலைப்பின் மேல் இடம் விடும்படி, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.