உப்பும் சீனியும் உடலின் நீரும்

வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டி, உப்புத் தூவிச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். தட்டில் நீர் கசிந்து நிற்கும். அந்நீரை எவரும் ஊற்றவில்லை. காயின் கலங்களுக்குள் இருந்த நீரே உப்பை நாடி வெளியே வந்துள்ளது. கரைபொருட் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்திற்கு, மெல்லிய சவ்வினூடாக நீர் செல்லும் இந்நிகழ்வைப் பிரசாரணம் என்பர். தமிழகப் பாடநூல்களில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். சமையலறைத் தட்டில் நிகழும் இதே செயல்தான் எமது குடலிலும் நிகழ்கின்றது.

வளர்ந்த ஓர் ஆணின் உடல் நிறையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீராகும். நீர் மூலக்கூறில் உள்ள ஒட்சிசன் அணு, இலத்திரன்களைத் தன்பால் சற்றுக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். ஆதலால் அப்பக்கம் சிறிதளவு மறையேற்றமும், ஐதரசன் பக்கம் சிறிதளவு நேரேற்றமும் கொண்டிருக்கும். உப்புப் பளிங்கில் அடுக்கப்பட்டிருக்கும் சோடியம், குளோரைட்டு அயன்களை இவ்விரு முனைகளும் சூழ்ந்து தனித்தனியே பிரித்துவிடுகின்றன. உப்புக் கரைகிறது என்று நாம் கூறுவது இதனையே.

உடலின் கலங்கள் இச்சோடியத்தைத் தம்முள் தேங்க விடுவதில்லை. கலச்சவ்விலுள்ள ஒரு புரதம் மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கின்றது. இரவும் பகலும் ஓயாத பம்பி அது. 1957ஆம் ஆண்டில் இதனை விளக்கிய டென்மார்க் அறிஞர் யென்ஸ் ஸ்கோ, 1997இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசின் பாதியைப் பெற்றார். நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார் என்பதைப் பரீட்சைப் பெறுபேற்றுக்காக ஒரு மாதம் காத்திருக்க இயலாத எம் பிள்ளைகள் கவனிக்கலாம்!

இனி, வாந்திபேதி எனப்படும் கொலராவைப் பார்ப்போம். கொலராக் கிருமி சுரக்கும் நஞ்சு, குடற்சுவர்க் கலங்களிலிருந்து குளோரைட்டைக் குடலுக்குள் ஓயாது வெளியேறச் செய்கின்றது. சோடியம் அதனைத் தொடர்கின்றது. நீர் அவ்விரண்டையும் தொடர்கின்றது. கடுமையான நோயாளி மணிக்கு ஓர் இலீற்றர் வரை நீரை இழக்கக்கூடும். வெறும் நீரைப் பருகக் கொடுத்தாற் போதாதா எனில், போதாது. இழந்த உப்பு மீளாமல் நீர் மட்டும் சென்றால் குருதியின் சோடியம் மேலும் ஐதாகிவிடும். உப்பு நீரை மட்டும் கொடுத்தாலும் நோயுற்ற குடல் அதனை நன்கு உறிஞ்சுவதில்லை.

இப்பூட்டின் திறவுகோல் சீனியில் இருந்தது. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் ஒரே வாயிலினூடாகச் சேர்ந்தே உட்புகுகின்றன என்ற கருத்தை 1960இல் பிராக் நகரில் இராபர்ட் கிரேன் என்ற உயிர்இரசாயன அறிஞர் முன்வைத்தார். குளுக்கோசு இருந்தால் சோடியம் நுழையும். சோடியம் நுழைந்தால் நீரும் பின்தொடரும். கொலரா நஞ்சு இவ்வாயிலை மட்டும் அடைப்பதில்லை! 1968இல் டாக்காவில் நோயாளிகளுக்கு இத்தகைய கரைசலை வாய்வழி கொடுத்து வெற்றி கண்டனர்.

பெரும் சோதனை 1971இல் வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகளிடையே, மேற்கு வங்கத்தின் பொங்காவோன் நகரில் கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகும் நிலை. மருத்துவர் திலீப் மகாலநாபிஸ் ஓர் இலீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற அளவிற் பொதி செய்வித்து, உறவினர்களையே பருகக் கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு அவரது பராமரிப்பில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. தாயொருத்தியின் கையிலிருந்த குவளை, ஊசி செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. அகதி முகாம் என்ற சொல்லின் பொருளை அறிந்த எமக்கு இச்செய்தி வெறும் பாடமாக இராது.

இலங்கையில் வளர்ந்த பெற்றோருக்கு இதே கரைசல் ‘ஜீவனி’ என்ற பெயரில் அறிமுகமானது. உப்பிட்ட சோற்றுக் கஞ்சியைப் பாட்டிமார் கொடுத்ததும் பொருத்தமானதே. சோற்றின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைந்து அதே வாயிலைத் திறக்கின்றது. ஆனால் இங்கு பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றதும் இனிப்பான சோடாவை நீட்டும் வழக்கம் நல்லதன்று. மிகுந்த சீனி, வெள்ளரிக்காயில் உப்புச் செய்த வேலையையே குடலிற் செய்யும். நீரை உள்ளிருந்து இழுத்து வயிற்றோட்டத்தைப் பெருக்கும்.

மருந்தகப் பொதியே சிறந்தது. அது கிடைக்காவிடின், கொதித்தாறிய ஓர் இலீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும், அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம். உப்பு இவ்வளவினும் மிகுதல் குழந்தைக்கு ஆபத்து. கைக்குழந்தையாயினும், பிள்ளை சோர்ந்து கண் குழிந்தாலும், சலம் குறைந்தாலும், மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். கரைத்து ஒரு நாள் கடந்த கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்துக் கொள்ளுங்கள்.