கணினி போச்சு, மோட்டார் நல்லா இருக்கு: பழைய ஸ்டெப்பர் டிரைவரை வைத்து சிஎன்சி மெஷினை மீண்டும் ஓட்டுவது எப்படி?

பழைய சிஎன்சி மெஷின் ஒன்று நின்றுபோனால், பல நேரங்களில் கெட்டுப்போயிருப்பது அதன் மூளை மட்டும்தான். இரும்பு உடம்பு, பால் ஸ்க்ரூ, மோட்டார் எல்லாம் அப்படியே இருக்கும். கன்ட்ரோலர் மட்டும் கண் திறக்காது. கம்பெனியில் கேட்டால் அந்த மாடலையே நிறுத்திவிட்டோம் என்பார்கள். அடுத்து காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு ஒரு விலை சொல்வார்.

கோவையிலோ அம்பத்தூரிலோ சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த மெஷின்தான் பிழைப்பு. உள்ளே இருக்கும் ஸ்டெப்பர் டிரைவர்கள் உயிரோடு இருந்தால், எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். பழைய டெஸ்க்டாப் கணினி ஒன்றோ, ஓர் ஆர்டுயினோ போர்டோ இருந்தால் அதை மீண்டும் ஓட வைக்க வாய்ப்பிருக்கிறது.

டிரைவர் என்ன வேலை செய்கிறது?

ஸ்டெப்பர் மோட்டார் தொடர்ச்சியாகச் சுற்றாது, படிப்படியாக நகரும். சாதாரணமாக ஒரு படி 1.8 டிகிரி, ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். கணினி தருவது 5 வோல்ட்டில் மிகச் சிறிய சிக்னல். அதை வைத்து மோட்டாரை அசைக்கக்கூட முடியாது. பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடிப்பார், வண்டியை நகர்த்துவது டிரைவர்தானே? அதே கதைதான் இங்கேயும். ஒரு வயரில் 'ஒரு படி போ' என்ற பல்ஸ், இன்னொரு வயரில் 'இந்தத் திசையில் போ' என்ற தகவல். மோட்டாருக்கு வேண்டிய ஆம்பியர் கணக்கான மின்சாரத்தை டிரைவர் பார்த்துக்கொள்ளும்.

எல்லா டிரைவரும் பயன்படுமா?

படாது. பழைய பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்தால் மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். அதன் டிரைவர் சிப் மெயின் போர்டிலேயே ஒட்டியிருக்கும், அதோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. தொழிற்சாலை மெஷின்களில் தனிப் பெட்டியாகவோ தனி கார்டாகவோ வரும் டிரைவர்தான் தேவை. அதில் பல்ஸ், டைரக்‌ஷன், எனேபிள் என்று பிளஸ், மைனஸ் டெர்மினல்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால், சில பழைய டிரைவர்களில் சிடபிள்யூ, சிசிடபிள்யூ என்று எழுதியிருக்கும். வலப்பக்கம் சுற்ற ஒரு வயரில் பல்ஸ், இடப்பக்கம் சுற்ற இன்னொரு வயரில் பல்ஸ். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். வழக்கமான பல்ஸ், டைரக்‌ஷன் இணைப்பைக் கொடுத்தால் மோட்டார் ஒரே பக்கமாகத்தான் சுற்றும், மறுபக்கம் வராது. உடனே டிரைவர் அவுட் என்று தூக்கிப் போடக் கூடாது. முறையை மாற்ற டிரைவரிலேயே சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் இந்த இரட்டைப் பல்ஸ் முறைக்கென்றே தனித் தேர்வு உண்டு.

மோட்டார் மேல் 0.72 டிகிரி என்றிருந்தால் அது ஐந்து ஃபேஸ் மோட்டார். சாதா டிரைவரில் ஓடாது. மோட்டாரையும் அதன் டிரைவரையும் ஜோடியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கை வைக்கும் முன்...

பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். தலை உப்பிய கெபாசிட்டர் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது. அந்த நொடியில் எழும் மின்னழுத்தமே டிரைவரைக் கொன்றுவிடும். நல்ல நிலையில் கிடைத்த டிரைவர் மேசைக்கு வந்த பிறகு சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

நான்கு வயர் மோட்டாரில் எது எதற்கு ஜோடி என்று தெரியவில்லையா? ஏதாவது இரண்டு வயரை ஒன்றாகச் சேர்த்து, தண்டைக் கையால் சுற்ற வேண்டும். இறுக்கமாகச் சுற்றினால் அந்த இரண்டும் ஒரே காயில்.

கணினியில் எங்கே இணைப்பது?

பழைய வழி, பிரிண்டருக்கான 25 பின் பேரலல் போர்ட். 2 முதல் 9 வரையிலான பின்கள் சிக்னல் அனுப்ப, 18 முதல் 25 வரை கிரவுண்ட். லிமிட் சுவிட்ச் போன்றவை உள்ளே வர 10, 11, 12, 13, 15. யூஎஸ்பி-யில் செருகும் பிரிண்டர் கேபிள் இதற்கு உதவாது. பல்ஸின் நேரத்தை அதனால் காப்பாற்ற முடியாது.

இதற்கான மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி-யில் தொடங்கிய திட்டம், இன்று எல்லாருக்கும் இலவசம். அதிலுள்ள லேட்டன்சி டெஸ்ட்டை முதலில் ஓட்ட வேண்டும். அது ஓடும்போதே வீடியோ பார்ப்பது, ஃபைல் காப்பி செய்வது என்று கணினியைப் பாடாய்ப் படுத்த வேண்டும். தாமதம் 100 மைக்ரோ விநாடியைத் தாண்டினால் அந்தக் கணினி பேரலல் போர்ட் வேலைக்கு ஆகாது. லேப்டாப்கள் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும்.

இன்னொரு வழி, ஆர்டுயினோ யூனோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருளை ஏற்றுவது. நேரக் கணக்கைப் போர்டே பார்த்துக்கொள்ளும், கணினி யூஎஸ்பி வழியாக ஜி-கோடை அனுப்பினால் போதும். லேப்டாப்பும் ஓகே. 2, 3, 4 பின்கள் மூன்று அச்சுகளுக்கான பல்ஸ், 5, 6, 7 திசை, 8 எனேபிள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் தலைவலி குறைவு. மேலே சொன்ன இரட்டைப் பல்ஸ் டிரைவர் என்றால் மட்டும் இது நேரடியாகப் பொருந்தாது.

5 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

பல டிரைவர்களின் உள்ளீட்டில் ஆப்டோகப்ளர் இருக்கும். அதற்குள் ஒரு குட்டி எல்இடி. 24 வோல்ட்டுக்கு வடிவமைத்த உள்ளீட்டில் 5 வோல்ட் கொடுத்தால் அது எரியாது. 5 வோல்ட் உள்ளீட்டில் ரெசிஸ்டர் இல்லாமல் 24 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். லேபிளைப் படிக்காமல் வயரைச் செருகக் கூடாது. பேரலல் போர்ட்டை நேராக இணைக்காமல், நடுவில் பஃபர் உள்ள பிரேக்அவுட் போர்டு வைத்தால் மதர்போர்டு தப்பிக்கும்.

எனேபிள் டெர்மினலின் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். பல டிரைவர்களில் அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் மோட்டார் ஆஃப் ஆகும், சும்மா விட்டால் ஆன்.

எத்தனை படிக்கு எத்தனை மில்லிமீட்டர்?

200 படி மோட்டார், டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் ஸ்க்ரூ என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 8-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 320. ஒரு மி.மீ.-க்கு 320 பல்ஸ். ஜிஆர்பிஎல்-லில் $100 என்ற இடத்தில் எக்ஸ் அச்சுக்கு இந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். பழைய டிரைவர் பல்ஸைத் தவறவிட்டால் $0-வில் உள்ள 10 மைக்ரோ விநாடி அகலத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை மென்பொருளிடம் மட்டும் விடக் கூடாது. சிவப்புப் பட்டனை அழுத்தினால் மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரமே துண்டாக வேண்டும். கணினி ஹேங் ஆன நேரத்தில் கட்டர் சுற்றிக்கொண்டிருந்தால் விரலைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

முதல் ஓட்டத்தை மெஷினில் பார்க்க வேண்டாம். மோட்டாரைக் கழற்றி மேசையில் இறுக்கிக் கட்டி, தண்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, 50 மி.மீ. போய்த் திரும்பி வரும்படி பத்து இருபது முறை ஓட்டலாம். கோடு பழைய இடத்துக்கே வந்தால் மெஷினில் மாட்டலாம். தள்ளி நின்றால் எங்கோ படி தவறுகிறது. வேகத்தையும் ஆக்ஸிலரேஷனையும் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.