மெர்லோ பெயரில் ஓர் ஆள்மாறாட்டம்!

சில ஆபீசுகளில் பார்க்கலாம். வேலை செய்கிறவர் ஒருத்தர், ரிஜிஸ்டரில் பெயர் இன்னொருத்தருடையது! திராட்சை உலகத்திலும் இப்படி ஒரு கேஸ் நடந்தது. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை ஸார்... நூறு வருஷத்துக்கு மேல்!

ஊர், தென் அமெரிக்காவின் சிலி. 19-ம் நூற்றாண்டில் பிரான்சின் போர்டோ பகுதியிலிருந்து திராட்சைக் குச்சிகள் கப்பலேறி அங்கே போயின. அதில் மெர்லோ ரகத்தோடு கலந்து போன ஆசாமிதான் கார்மெனேர். பிற்பாடு ஃபிலாக்ஸெரா என்கிற பூச்சி போர்டோ தோட்டங்களின் வேரைத் தின்று தீர்க்க, சொந்த ஊரில் கார்மெனேர் கிட்டத்தட்ட காலி. அந்தப் பூச்சி எட்டிப் பார்க்காத சிலியில் மட்டும் ஜம்மென்று வளர்ந்தது, மெர்லோ என்ற பெயரில்!

மெர்லோ ஒயின் என்றால் பிளம்ஸ் பழ வாசனை, நாக்கில் மெத்தென்று இருக்கும். சிலிக்கார 'மெர்லோ'விலோ குப்பென்று பச்சைக் குடைமிளகாய் வாசனை! உபயம், பைரஸீன் என்ற ரசாயனம். குடைமிளகாய்க்கு வாசனை தருவதும் இதுவேதான். ஒரு கிராமை நூறு கோடித் துணுக்காக்கி, அதில் பத்துப் பதினைந்தை ஒரு லிட்டர் ஒயினில் போட்டாலே மூக்கு பிடித்துவிடும்.

பழம் முற்ற முற்ற இந்த வாசனை குறையும். ஆனால் கார்மெனேர் மெர்லோவுக்கு மூணு வாரம் கழித்துத்தான் பழுக்கும். ரெண்டையும் ஒரே நாளில் பறித்தால்? பாதி காய்!

மூக்குச் சாட்சி மட்டும் போதாது. காபர்னே சாவிஞ்ஞான் போன்ற சொந்தக்காரர்களிடமும் இதே வாசனை உண்டே! 1994 நவம்பர் 24-ல் ழான் மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் சிலியில் ஒரு தோட்டத்துக்குப் போனார். பூவின் மகரந்தத் தாள்கள் முறுக்கிக் கொண்டிருப்பதைப் பார்த்தார். மெர்லோ இல்லை, கார்மெனேர் என்று சொல்லிவிட்டார்.

தோட்டக்காரர்களுக்குத் தர்மசங்கடம். மெர்லோ என்று ஊர் பூரா விற்றாயிற்றே! ஆனாலும் 1998-ல் சிலி அரசு புதுப் பெயரை ஏற்றுக்கொண்டது. தனியாகப் பிரித்து, பொறுமையாகப் பழுக்கவிட்டார்கள். குடைமிளகாய் அடங்கி, கறுப்புப் பழமும் சாக்லேட்டுமாக மணந்தது. இன்று சிலியின் அடையாளமே கார்மெனேர்தான்.

கண்டுபிடிக்க ஃபார்முலா: ஆழ்ந்த சிவப்பு நிறம், லேசான குடைமிளகாய், ஒரு சிட்டிகை மிளகு, காபர்னே சாவிஞ்ஞானைவிட மெல்லிய துவர்ப்பு.

அடுத்த சீட்டுக்காரரோடு ஒப்பிட்டு 'ஸ்லோ' என்று மெமோ வாங்கும் நண்பர்களே, நீங்கள் பழுக்கிற மாசம் வேறாக இருக்கலாம்!