எந்தக் கூட்டத்தில் சேர்த்து எண்ணுவது?

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடியில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், இப்படி நேர எவ்வளவு வாய்ப்பு என்று நாசாவில் கேட்டார். லட்சத்தில் ஒன்று என்றார்கள் நிர்வாகிகள். தினம் ஒரு ஓடத்தை ஏவினாலும் 300 ஆண்டுகளில் ஒன்றுதான் அழியும் என்பது அதன் பொருள்.

ஏவுதளப் பாதுகாப்பு அதிகாரியோ அதுவரை பறந்த ராக்கெட்டுகளை எண்ணியிருந்தார். சுமார் 2,900 ஏவுதல்களில் 121 தோல்விகள். அதாவது 25-க்கு ஒன்று. புது ராக்கெட்டுகளின் ஆரம்பக் கோளாறுகளும் இதில் அடக்கம். அவற்றைக் கழித்தால் 50-க்கு ஒன்று. பாகங்களைப் பொறுக்கியெடுத்துக் கவனமாகச் சோதித்தால் 100-க்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவரலாம். ஆயிரத்துக்கு ஒன்று அன்றைய தொழில்நுட்பத்துக்கு எட்டாது.

அவை ஆளில்லா ராக்கெட்டுகள், இதில் மனிதர்கள் போகிறார்கள், எனவே அந்தக் கணக்கு பொருந்தாது என்பது நிர்வாகத்தின் வாதம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தனி ரகம் என்று பிரிப்பது தப்பில்லை. அந்த அதிகாரியும் புதியதையும் தேறியதையும் பிரித்தார். ஆனால் பிரித்த பிறகு எண்ணிப் பார்க்க ஏதாவது மிஞ்ச வேண்டும். சேலஞ்சருக்கு முன் ஓடங்கள் பறந்தது 24 முறைதான். அதை வைத்து லட்சத்தைப் பற்றிப் பேச முடியாது.

அந்த 24-ஐயும் ஒழுங்காக எண்ணவில்லை. ராக்கெட் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் குளிரில் இறுகிவிடும் என்று அஞ்சிய பொறியாளர்கள், ஏவுவதைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். முந்தின இரவு நடந்த விவாதத்தில் வளையம் பழுதான பயணங்களை மட்டும் பார்த்தார்கள். குளிரிலும் பழுது, வெயிலிலும் பழுது. வெப்பநிலைக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றியது. பழுதில்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது விசாரணைக் குழு. சுமார் 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் பழுது மூன்றில்தான். 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்தவை நான்கு, நான்கிலும் பழுது. சேலஞ்சர் கிளம்பிய காலையில் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி.

2011-இல் ஓடங்கள் ஓய்வுபெற்றபோது மொத்தப் பயணங்கள் 135, இழந்தவை இரண்டு. 2003-இல் கொலம்பியாவை அழித்தது ரப்பர் வளையம் அல்ல, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு. காரணம் வேறாக இருந்தும், இழப்பு 68-க்கு ஒன்று என்ற அளவில் வந்து நின்றது.