மடியில் உறங்கும் கட்டுச்சேவல்

சேவற்கட்டுக்காகச் சேவல் வளர்ப்பவரின் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இன்னொரு சேவலைக் கண்டால் கழுத்து மயிர் சிலிர்த்து, உயிர் போகும்வரை மோதக்கூடிய அசில் சேவல், வளர்த்தவரின் மடியில் கண்மூடிக் கிடக்கும். காலை நீவலாம், இறக்கையை விரித்துப் பார்க்கலாம், அலகைத் திறக்கலாம், முனகக்கூட முனகாது. வெள்ளை லெகார்ன் கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். அது யாரோடும் வம்புக்குப் போகாது. ஆனால் பிடிக்கக் கையை நீட்டினால் அடுத்த நொடி கூரைமேல் இருக்கும்.

இரண்டில் எது சாது?

புறக்கடையில் கோழி வளர்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "சாதுவா இருக்குமா?" என்றுதான். அந்த ஒரு கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆளைக் கண்டால் மிரளுமா? தன் இனத்தோடு மோதுமா? முட்டைமேல் பொறுமையாக உட்காருமா? ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. சண்டைக்கென்று சேவல் பொறுக்கியவர்கள் எதிரியைக் கண்டு ஓடாததைப் பொறுக்கினார்கள். அதோடு, தினமும் கையில் எடுத்துப் பழக்க வேண்டியிருந்ததால், மனிதக் கைக்கு அடங்காததைக் கழித்தார்கள். வீரமும் அடக்கமும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எல்லா நாட்டுக்கோழிக்கும் முக்கிய மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. மஞ்சள் தோல் மட்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த சொத்து. காட்டுக்கோழிக்கு ஆளைக் கண்டால் ஆகாது. அந்த மிரட்சி எப்படிக் கரைந்தது என்று பார்க்க, ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பெர் யென்சன் குழுவினர் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். காட்டுக்கோழிகளை ஒவ்வொன்றாக விட்டு, ஒரு மனிதர் மெல்ல நெருங்கும்போது என்ன செய்கின்றன என்று கவனித்தார்கள். மிரளாதவற்றை ஒரு பக்கமும் அதிகம் மிரள்பவற்றை ஒரு பக்கமும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார்கள். எடையையோ முட்டையையோ பார்த்துப் பொறுக்கவில்லை. இருந்தும் சில தலைமுறைகளிலேயே மிரளாத கூட்டத்தின் எடை கூடியது, முட்டை பெருத்தது. பத்துத் தலைமுறையில் உடம்போடு ஒப்பிட்டால் மூளை சிறுத்தும் போயிருந்தது. சிறுத்ததால் மந்தமாகிவிடவில்லை. பயமுறுத்துகிற, ஆனால் தீங்கில்லாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினால், "இது சும்மா" என்று இவைதான் சீக்கிரம் பழகிக்கொண்டன. மனிதனோடு வாழப்போகும் பறவைக்கு அதைவிட உபயோகமான அறிவு என்ன?

இங்கே ஓர் எச்சரிக்கை. கையில் பிடித்ததும் அசையாமல் இருக்கும் கோழியைச் சாது என்று நம்பிவிடக் கூடாது. கோழியை மல்லாத்திப் போட்டு, மார்பில் சில விநாடி லேசாக அழுத்திக் கையை எடுத்தால் செத்ததுபோல் கிடக்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வித்தைதான். 1646-இல் அதனாசியுஸ் கிர்ஷர் என்ற ஜெசுயிட் பாதிரியார் இதைத் தம் நூலில் பதிவு செய்தார். கோழியின் கண்ணெதிரே தரையில் ஒரு கோடு கிழித்தும் காட்டினார். உண்மையில் கோட்டுக்கு அங்கே வேலையில்லை. வேட்டைப் பறவையின் பிடியில் சிக்கிய கோழி கடைசி உபாயமாகச் செய்வது அது. இன்று ஆய்வாளர்கள் அது எழ எத்தனை நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பயத்தை அளக்கிறார்கள். நீண்ட நேரம் கிடந்தால், அவ்வளவு பயம்.

மூன்றாவது குணமான அடை, புரோலாக்டின் என்ற ஹார்மோனின் கையில் இருக்கிறது. அது ஏறினால் கோழி முட்டையிடுவதை நிறுத்தி, மயிரை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நேற்றுவரை கையில் வந்து தவிடு தின்ற கோழி இன்று கையைக் கொத்தும். நம்மூர்ச் சிறுவிடைக் கோழி இதில் கெட்டிக்காரி. சொந்த முட்டையா வாத்து முட்டையா என்று பார்க்காது. பஞ்சு இறகும் காலுக்கு ஐந்து விரலும் கொண்ட சில்க்கிக் கோழியும் இப்படித்தான். லெகார்னுக்கோ அடை என்பதே அநேகமாக மறந்துவிட்டது. ஆண்டுக்கு 300 முட்டை வேண்டுமென்றால் மூன்று வாரம் சும்மா உட்கார விட முடியுமா? அடைக்குப் படுப்பதையெல்லாம் கழித்துக் கழித்து அந்த இனத்தை உருவாக்கினார்கள்.

அடை தெளியட்டும் என்று நம் பாட்டிமார் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். கொடுமையாகத் தோன்றினாலும் அதில் காரணம் இருக்கிறது. அடைக்கோழியின் வயிற்றில் மயிர் உதிர்ந்து வெறும் தோல் தெரியும்; அந்தத் தோலில் முட்டை படுகிற உணர்ச்சிதான் புரோலாக்டினைக் குறையாமல் வைத்திருக்கிறது. வயிறு குளிர்ந்தால் அந்தக் கட்டு தளரும்.

இவ்வளவும் கோழிக் கதை. இந்த முற்றத்தில் கின்னிக்கோழியை விட்டால் கணக்கெல்லாம் மாறிவிடும்.

ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளியிலிருந்து வந்தது அது. ரோமானியர் காலத்திலேயே வளர்க்கப்பட்டது என்றாலும், வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல இன்னும் வாசலோடுதான் நிற்கிறது. கூண்டு இருக்க மரத்தில் அடையும். புதரில் யாருக்கும் தெரியாமல் முட்டையிடும். முட்டை பொரிய 26 முதல் 28 நாள். அதன்பின் தாய் பனி நனைந்த புல்லில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓட, குளிரில் குஞ்சுகள் சாகும். அதனால் அனுபவசாலிகள் அதன் முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைத்துவிடுவார்கள். கோழித்தாய் வளர்த்த குஞ்சு கொஞ்சம் பழகும். ஆனால் வளர்ந்ததும் மரத்துக்குத்தான் போகும்.

கோழிகளிடம் அதற்கு மரியாதை கிடையாது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துவந்த நார்வேக்காரர் ஷெல்டெருப்-எபே 1920-களின் தொடக்கத்தில் அதை எழுதினார். வரிசை முடிவானால் சண்டை அடங்கும். தோற்றது தலை தாழ்த்தும். கின்னிச்சேவல் அந்த முறைக்கெல்லாம் காத்திராது. முதுகைக் கூனிக்கொண்டு பின்னாலிருந்து ஓடிவந்து சேவலின் வாலைப் பிடுங்கும். அது ஓடினாலும் விடாது. இதைப் போக்கிரித்தனம் என்று வளர்ப்பவர்கள் திட்டுகிறார்கள். வேறு ஊரின் சட்டம் என்பதுதான் சரி.

அந்தச் சட்டம் என்ன என்று அதன் உறவுக்கார இனம் ஒன்றில் பார்த்திருக்கிறார்கள். கழுகுபோல் மொட்டைத் தலையும் நீல மார்பும் கொண்ட அந்தக் கின்னிக்கோழி கென்யாவில் கூட்டமாக வாழ்கிறது. அங்குள்ள ம்பாலா ஆய்வு மையப் பகுதியில் டனாய் பாபயொர்யூ, டேமியன் ஃபரீன் முதலானோர் 400-க்கும் மேற்பட்ட பறவைகளை அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தார்கள். 2019-இல் வந்த முடிவு: 18 கூட்டங்கள், அவற்றில் சில கூட்டங்கள் குறிப்பிட்ட சில கூட்டங்களோடு மட்டும் நட்பு. யானை, சில குரங்குகள் போன்ற பெரிய மூளைக்காரர்களுக்கே உரியது என்று கருதியிருந்த ஏற்பாடு, இந்தச் சின்ன மூளைக்குள். இன்னொன்றும் தெரிந்தது. நல்ல தீனி கிடைத்த இடத்தைப் பெரியவை வளைத்துக்கொண்டால், துரத்தப்பட்ட சின்னவை வேறு பக்கம் நடக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பெரியவையும் தீனியை விட்டுவிட்டு அவற்றின் பின்னால் போய்விடும். தனியாக நிற்க அவற்றால் ஆகாது.

நம் தோட்டத்துக் கின்னிக்கோழியின் ஓயாத கத்தலுக்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் பாருங்கள். பறக்கத் தெரியும், நேற்றுத்தான் பனைமர உயரத்துக்குப் பறந்தது. இன்று அந்த நினைப்பே வராமல் வேலியோரமாக மேலும் கீழும் ஓடிக் கத்தும். இந்தப் பக்கம் மற்றவை மேய்ச்சலை விட்டுவிட்டு, அதற்கு இணையாக வேலியோரம் ஓடிக்கொண்டிருக்கும்.