அடிமனையை விற்கும்படி வற்புறுத்தினால்...

ஓசூரில் பாகலூர் சாலையையொட்டி ஐந்து சென்ட் மனை. கணவரை இழந்த ஒரு தாயாருக்கு அதுவே ஆதாரம். பல ஆண்டுகட்கு முன் பட்டறை வைக்க மனையை வாடகைக்குப் பெற்றவர் தம் செலவில் கொட்டகை போட்டுக்கொண்டார். பெங்களூரை நோக்கி ஊர் வளர, மனையின் மதிப்பும் வளர்ந்தது. இன்று அவர், "நான் சொல்லும் விலைக்கு எனக்கே எழுதிக் கொடுங்கள், இல்லையேல் வாடகையும் இல்லை, காலி செய்வதும் இல்லை" என்கிறார். நம் குடும்பங்களில் எதற்கும் நேரக்கூடிய நிலை இது. அஞ்சிக் கையெழுத்திடுமுன் சட்டத்தை அறிந்துகொள்வது நலம்.

மனமொப்பாத விற்பனை

வாணிபம் இருவரும் மனமொப்பிச் செய்வது என்பது மார்க்கத்தின் விதி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், மிரட்டிப் பெற்ற சம்மதத்தால் ஆன ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யக் கோரலாம் என்கிறது. பத்திரத்தை ரத்து செய்யும் வழக்கிற்குக் காலவரம்பு மூன்றாண்டுகள். மிரட்டல் எல்லை மீறினால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம்.

கவனிக்க வேண்டிய விதிவிலக்கு

1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அடிமனையில் சொந்தக் கட்டடம் எழுப்பியவருக்கு ஒரு சலுகை தருகிறது. வெளியேற்றும் வழக்கில் அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்திற்குள், மனையைத் தமக்கே விற்க உத்தரவிடுமாறு அவர் நீதிமன்றத்தை வேண்டலாம். ஆயினும் முழு மனையும் கிடைத்துவிடாது. தேவையான குறைந்தபட்ச அளவையே நீதிமன்றம் வரையறுக்கும். விலையும் அவர் சொல்வதன்று. முந்தைய மூன்றாண்டுச் சந்தை மதிப்பின் சராசரியாகும். பழைய குத்தகைகளுக்கே இச்சட்டம் பொருந்தும். அதற்கான தேதி ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே குத்தகை தொடங்கிய நாளுக்குரிய ஆதாரமே உங்கள் முதல் கேடயம்.

மஹல்லா நிர்வாகிகள் இதையும் அறிய வேண்டும்: 1996இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வக்ஃபு உட்பட எல்லாச் சமய நிறுவனங்களின் நிலங்களுக்கும் இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. மயிலாப்பூர் கிளப் தொடுத்த வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதி செய்தது.

செய்ய வேண்டியவை

1. பட்டா, வில்லங்கச் சான்று, வாடகை ரசீதுகளைத் திரட்டுங்கள். வாரிசுகள் பலராயின், ஒருவர் தம் பங்கை மட்டும் அவருக்கே விற்றுவிடாதபடி கலந்து பேசுங்கள்.

2. வழக்கறிஞர் வழியே நோட்டீஸ் அனுப்புங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையேல், உற்பத்தித் தொழிலுக்கான குத்தகைக்கு ஆறு மாத அறிவிப்பும், மற்றவற்றுக்குப் பதினைந்து நாள் அறிவிப்பும் தேவை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துமாயின், கட்டடத்திற்கு இழப்பீடு தர முன்வந்து மூன்று மாத அறிவிப்பு தரவேண்டும். அதன்பின் வாடகை பெறுவதானால் வழக்கறிஞரைக் கேட்டே பெறுங்கள்.

3. பூட்டை உடைத்து வெளியேற்ற முயலாதீர்கள். அவ்வாறு வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் வழக்கிட்டு மீண்டும் உள்ளே வர இயலும்.

4. செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளிப் பக்கம் விளைநிலம் உடையோர், சட்டம் அங்கே வேறு என்பதை மறவாதிருத்தல் வேண்டும். கர்நாடகத்தில் 1974 மார்ச் 1 முதல் குத்தகை விளைநிலங்கள் அரசின் வசமாகி, உழுதவர்க்கே உரிமை வழங்கப்பட்டது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறை நமக்குக் கற்பிக்கிறது. அன்றே ஒரு தாளில் எழுதியிருந்தால், அந்தத் தாயாரின் இன்றைய கவலை பாதியாகக் குறைந்திருக்கும்.