எடை குறையலையேன்னு நடையை நிறுத்திடாதீங்க!

"நான் ஒரு சொட்டுகூட தொட்டதில்லையே மாப்ள... எனக்கு எப்படி ஈரல் கெட்டுச்சு?"

அக்கா வீட்டுக்காரர் இப்படிக் கேட்டபோது அவர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் 26 வருஷமாகக் கணக்கு எழுதுகிறார் அத்தான். பீடி, சிகரெட், மது எதுவும் கிடையாது. கல்யாண வீட்டில் பீடாகூட போட மாட்டார். ஆனால், ஒரு நாளைக்கு ஆறு டீ. அதுவும் 'சர்க்கரை தூக்கலா!'

டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார். இனிப்பைக் குறைங்க, தினமும் நடங்க. மாத்திரை எதுவும் எழுதவில்லை. அத்தானும் சொல் பேச்சு கேட்டார். ராத்திரி கடை சாத்தியதும் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி சித்திரை வீதிகளில் நடை. வண்டித் தொந்தரவு இல்லாத வீதிகள், கல் பாவிய தரை, பக்கத்தில் கோபுரம். நடக்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

இரண்டு மாதம் கழித்து எடை மெஷினில் ஏறினார். 74 கிலோ. நடக்கத் தொடங்கிய அன்றும் அதே 74.

"போங்கடா, நீங்களும் உங்க வாக்கிங்கும்!"

மறுநாளிலிருந்து நடை நின்றுபோனது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த 'போங்கடா'வுக்காகத்தான். அவர் மெஷினில் பார்த்தது பொய்யில்லை. ஆனால், கல்லீரலுக்குள் நடப்பதை எடை மெஷின் காட்டாது. இது தெரியாமல் நல்ல காரியத்தைப் பாதியில் விட்டவர்கள் உங்கள் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள்.

குடிக்காதவருக்கு ஏன்?

அத்தான் கேட்ட கேள்வியை டாக்டர்களும் ஒரு காலத்தில் கேட்டார்கள். 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் கல்லீரல் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், மொடாக் குடியர்களின் கல்லீரல் மாதிரியே இருந்தது. ஆனால், அவர்களுக்குக் குடிப்பழக்கமே இல்லை. பெரும்பாலோர் உடல் பருமன் உள்ளவர்கள், பலருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. 'மது சாராத' என்ற அடைமொழி அப்படித்தான் வந்தது. 2023-ல் அந்தப் பெயரையும் மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த நோய் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பெயர் எதுவானால் என்ன, கல்லீரலின் எடையில் 5 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்துவிட்டால் ஃபேட்டி லிவர்தான். வலிக்காது, காய்ச்சல் வராது. பலருக்கும் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவருகிறது.

இதில் சர்க்கரை எங்கே வருகிறது?

நாம் டீயில் போடும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸுக்கு உடம்பு முழுக்க வாடிக்கையாளர்கள் உண்டு. மூளை, தசை, இதயம் என எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். ஃபிரக்டோஸுக்கு அப்படி இல்லை. இனிப்பு அதிகமாக உள்ளே போகும்போது, அதில் பெரும்பகுதி கல்லீரல் தலையில்தான் விழுகிறது. போதாக்குறைக்கு, குளுக்கோஸை 'இப்போதைக்குப் போதும்' என்று தடுத்து நிறுத்த கல்லீரலில் ஒரு கேட் இருக்கிறது. ஃபிரக்டோஸ் அந்த கேட்டைத் தாண்டி வேறு வழியாக உள்ளே வந்துவிடும். வந்ததை என்ன செய்வது? கொஞ்சம் எரிக்கும், கொஞ்சம் குளுக்கோஸாக மாற்றும், மிச்சத்தைக் கொழுப்பாக்கும்.

சர்க்கரை மட்டும்தான் குற்றவாளி என்று எழுதினால் கட்டுரை ருசியாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் கல்லீரலில் இருக்கும் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2005-ல் வெளியானது. சுமார் 59 சதவிகிதம் தொப்பை போன்ற இடங்களின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தம் வழியாக வந்து சேர்ந்தது. 26 சதவிகிதம் கல்லீரலே புதிதாகத் தயாரித்தது. 15 சதவிகிதம்தான் சாப்பாட்டில் இருந்த கொழுப்பு. அந்த 26 சதவிகிதத்தில்தான் இனிப்பின் கைவரிசை அதிகம். சரி, அந்த 59-ஐ என்ன செய்வது? அங்கேதான் நடை வருகிறது.

தசை என்னும் இரண்டாவது பானை

உடம்பில் மாவுச்சத்தைச் சேமிக்க இரண்டு பானைகள் இருக்கின்றன. கல்லீரல் சின்னப் பானை, ஏறக்குறைய 100 கிராம் பிடிக்கும். தசைகள் பெரிய பானை, சுமார் 400 கிராம். நாள் முழுக்க கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய பானை எப்போதும் நிரம்பியே இருக்கும். மதியச் சாப்பாட்டின் சாதமும் நாலு மணி டீயும் எங்கே போகும்? நிரம்பிய பானையில் ஊற்ற முடியாது என்பதால் கல்லீரல் பக்கம் தள்ளப்படுகிறது.

நடக்கும்போது தசை தன் பானையைக் காலி செய்கிறது. அதோடு, இன்சுலின் சொல்வதையும் தசை நன்றாகக் கேட்கத் தொடங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 2011-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒல்லியான இளைஞர்கள்தான், ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்கள். ஒரே ஒரு முறை, 45 நிமிடம் உடற்பயிற்சி செய்யவைத்து, பிறகு மாவுச்சத்து நிறைந்த உணவைக் கொடுத்தார்கள். உணவுக்குப் பிறகு கல்லீரல் புதிதாகக் கொழுப்பு தயாரிக்கும் வேலை சுமார் 30 சதவிகிதம் குறைந்திருந்தது. ஒரே ஒரு நாள் பயிற்சிக்கு!

இன்னொன்று, அமெரிக்காவின் சைராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 22 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு வழக்கமான சாப்பாட்டோடு தினமும் 75 கிராம் ஃபிரக்டோஸ் கூடுதலாக, இரண்டு வாரம். ஒரு கட்டத்தில் தினமும் 12,000 அடிக்கு மேல் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு கட்டத்தில் அதே ஆட்களை 4,500 அடிக்குக் கீழே நிறுத்தினார்கள். நடக்காமல் இருந்தபோது, கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் கொழுப்பும் அழற்சியின் அறிகுறிகளும் ஏறின. நடந்தபோது அப்படி ஏறவில்லை. சின்ன ஆய்வு, இரண்டே வாரம் என்பதை மறக்க வேண்டாம். இதை வைத்து 'நடந்தால் எவ்வளவு இனிப்பும் சாப்பிடலாம்' என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அத்தான் அந்தக் கணக்கைத்தான் போட்டிருந்தார், பிறகு சொல்கிறேன்.

மெஷின் நகரவில்லை, கல்லீரல் இளைத்தது

இப்போது எடை விஷயத்துக்கு வருவோம். 2009-ல் சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்தே வேலை பார்க்கும் பருமனானவர்களை நான்கு வாரம் சைக்கிள் பயிற்சி செய்யவைத்தார்கள். முடிவில் எடையில் மாற்றமில்லை. ஆனால், ஸ்கேன் மூலம் அளந்ததில் கல்லீரல் கொழுப்பு சுமார் 21 சதவிகிதம் குறைந்திருந்தது. 2011-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில், நடை, ஓட்டம் எதுவும் இல்லாமல் எடை தூக்கும் பயிற்சி மட்டும் எட்டு வாரம் கொடுத்தார்கள். அங்கும் எடை அப்படியே. கல்லீரல் கொழுப்பு 13 சதவிகிதம் குறைந்தது. மூட்டு வலியால் நடக்க முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி. உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என வீட்டிலேயே தொடங்கலாம்.

அத்தானிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அந்த ரெண்டு மாசம் வீண் இல்லங்கிற?" என்றார். அநேகமாக வீணாகியிருக்காது அத்தான். நிறுத்தியதுதான் தப்பு. பயிற்சியை விட்டால் பலனும் மெள்ளக் கரைந்துவிடும்.

ஓடத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: சீனாவில் ஃபேட்டி லிவர் உள்ள 220 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வு 2016-ல் வந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கும், முதல் ஆறு மாதம் ஓடியவர்களுக்கும் கல்லீரல் கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. 150 நிமிடம் என்றால் வாரம் ஐந்து நாள், தினமும் அரை மணி நேரம். வேகம் எப்படித் தெரியும்? பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. "நான் வீட்டுக்குள்ளயே நாள் முழுக்க நடக்கறேனே" என்று அக்கா கேட்டாள். அடுப்படிக்கும் ஹாலுக்குமான நடை உட்கார்ந்திருப்பதைவிட நல்லதுதான். ஆனால், மூச்சு கொஞ்சம் வாங்கும் அந்த அரை மணி நேரத்துக்கு அது ஈடாகாது.

எடையும் சேர்ந்து குறைந்தால் பலன் இன்னும் பெரிது. உடல் எடையில் 5 சதவிகிதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாகக் குறையும், 7 முதல் 10 சதவிகிதம் என்றால் கல்லீரலில் உள்ள அழற்சியும் தணிய வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். 74 கிலோ ஆளுக்கு அது ஐந்து கிலோவில் தொடங்குகிறது. எட்டாத கனி இல்லை.

ஆறு டீயும் ஒரு ஜிகர்தண்டாவும்

அப்புறம் ஏன் அத்தானுக்கு எடை குறையவேயில்லை? அக்காதான் கண்டுபிடித்தாள். சித்திரை வீதியில் நடந்து முடித்துவிட்டு, விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டா. 'நடந்திருக்கோம்ல!' என்று தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசு. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஒரு குண்டு ஐஸ்க்ரீம். அரை மணி நேர நடையில் எரித்ததைவிட அந்த டம்ளரில் அதிகம்.

டீ கணக்கையும் பார்ப்போம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்றால் ஆறு டீக்கு 60 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஸ்வீட் கடைப் பக்கம் போகாமலே, டீயிலேயே கோட்டைத் தாண்டிவிட்டார் மனிதர். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் பின்பக்கம் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். பல கோலா பானங்களில் 10, 11 கிராம் இருக்கும். 300 மில்லி பாட்டில் என்றால் 30 கிராமுக்கு மேல்.

அக்கா உடனே நாட்டுச்சர்க்கரைக்கு மாறினாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல சங்கடமாகத்தான் இருந்தது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். தேனிலும் ஃபிரக்டோஸ் தாராளம். நிறம் மாறியதே தவிர, கல்லீரலுக்குப் போகும் பார்சல் மாறவில்லை. பழத்தைக் கடித்துச் சாப்பிடுவது வேறு. நார்ச்சத்து இருக்கிறது, இரண்டு சாத்துக்குடியில் வயிறு போதும் என்கிறது. ஜூஸாகப் பிழிந்தால் நாலு பழம் ஒரே மடக்கில் இறங்கிவிடும். அதன்மேல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை வேறு.

இனிப்பைக் குறைத்தால் மட்டும் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் இருந்த 40 பையன்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. அவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் சேர்க்கும் சர்க்கரையை ஏறக்குறைய இல்லாமலே செய்தார்கள். அவர்களின் கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவிகிதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்ட மற்றவர்களுக்கு 21-லிருந்து 20. ஆக, நடையும் வேண்டும், டம்ளரும் மாற வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு லைசென்ஸ் ஆகாது.

ரிப்போர்ட்டில் ஃபேட்டி லிவர் என்று வந்தால் பதறவும் வேண்டாம், டிராயரில் போட்டு மறக்கவும் வேண்டாம். கொழுப்பு சேர்ந்த எல்லோருக்கும் கல்லீரல் கெட்டுப்போவதில்லை. சிலருக்கு மட்டும் தழும்பு ஏறி, வருடங்கள் போகப் போக சிரோசிஸ் வரை போகிறது. ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி நார்மல் என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை இந்த நான்கை வைத்தே தழும்புக்கான வாய்ப்பை டாக்டர் கணக்கிட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் புதிதாக நடையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகலாம். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால், நடை அப்புறம், முதலில் இதய டாக்டர்.

அத்தான் போன ஆவணியிலிருந்து மறுபடி நடக்கிறார். டீ மூன்றாகிவிட்டது, ஒவ்வொன்றுக்கும் அரை ஸ்பூன். முதல் வாரம் "கஷாயம் மாதிரி இருக்கு" என்று முகம் சுளித்தவர், இப்போது யார் வீட்டுக்காவது போனால் "ஏம்மா, பாயசத்துல டீத்தூள் போட்டியா?" என்று கேட்கிறார். ஜிகர்தண்டா மாதம் ஒரு முறை, அக்காவோடு சேர்ந்து, ஒரு டம்ளரை இரண்டாக்கி. தை பிறந்ததும் அடுத்த ஸ்கேன். அதுவரை எடை மெஷினை அக்கா பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டாள்.